நாவின் சுவையும் நிலத்தின் நீதியும்

உணவைப் பற்றிச் சிந்திப்பதைத் தத்துவம் நெடுங்காலமாகத் தன் தகுதிக்குக் குறைந்த செயலாகவே கருதி வந்துள்ளது. கண்ணுக்கும் செவிக்கும் உரிய இன்பங்களை அழகியல் ஏற்றுக்கொண்டது. ஓவியத்தையும் இசையையும் ஆராயப் பெருநூல்கள் எழுந்தன. நாவுக்குரிய இன்பமோ, உடலின் தேவையோடு ஒட்டியது என்ற காரணத்தால், அறிவின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆயினும், மனிதன் நாள்தோறும் ஆற்றுவதும் பிறருடைய உழைப்பின்றி ஒருபோதும் நிகழ முடியாததுமான ஒரு செயல் அறவியலின் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் இயலாது. சுவைத்து உண்பவனுக்குத் தன் நாவுக்கு அப்பால் ஏதேனும் கடப்பாடு உண்டா? உண்டெனின் அது எத்தகையது? இவ்வினாவை ஆராய்வதற்குப் பண்டைய ஏதென்ஸ் நகரத்தைப் போலவே மட்டக்களப்பின் சித்தாண்டிக் கிராமமும் பொருத்தமானதோர் இடமாகும்.

வள்ளுவர் உணவைப் பற்றி ஓரிடத்தில் மட்டும் பேசி அமையவில்லை. 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, முன்னர் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணும் முறையைக் கூறுகின்றார். 'கொல்லாமை' அதிகாரத்திலே, கிடைத்ததைப் பகுத்துண்டு பல உயிர்களையும் பேணுவதைத் தலையாய அறமாக வைக்கின்றார். 'உழவு' அதிகாரத்திலே, உண்பவர் அனைவரும் உழுபவரைச் சார்ந்தே வாழ்கின்றனர் என்பதை நினைவூட்டுகின்றார். உண்பவனது உடல், அவனுக்கு அயலிலிருக்கும் பசித்தவன், அவ்விருவருக்கும் உணவளிக்கும் நிலம் என உணவைச் சூழ்ந்து மூன்று வட்டங்கள் உள்ளன என்று இவற்றைத் தொகுத்து நோக்கலாம். பகுத்துண்ணலைப் பற்றிய கருத்து ஈகை அதிகாரத்தில் மட்டுமன்றிக் கொல்லாமை அதிகாரத்திலும் இடம்பெற்றிருப்பது ஈண்டு கருதத்தக்கது. உணவைத் தடுத்தல் என்பது கொடாமை மட்டுமன்று, கொலைக்கு அயலானதோர் செயல் என்னும் உணர்வு அவ்வைப்பு முறையிலே தொனிக்கின்றது.

நகரவாசி இம்மூன்று வட்டங்களில் முதலாவதை நன்கறிவான். எதை உண்டால் உடலுக்கு ஆகும், எதை உண்டால் ஆகாது என்பதை மருத்துவர் அவனுக்கு உணர்த்துகின்றனர். இரண்டாவதையும் அவன் ஓரளவு அறிவான். கோயில் அன்னதானத்திலும் அனர்த்தக் காலத்து நிவாரணத்திலும் அவனது கை நீளுகின்றது. மூன்றாவது வட்டமே அவனது பார்வைக்கு எட்டாது போகின்றது. இஃது அவனுடைய தனிப்பட்ட குறைபாடு அன்று. நகரம் என்பதே, தாம் உண்பதைத் தாம் விளைவிக்காத மனிதர் கூடி வாழும் இடமாகும். அங்கு உணவு வந்து சேரும்போது அது பிறந்த நிலத்தின் சுவடுகள் கழுவப்பட்டு, விலை ஒன்று மட்டுமே அதன்மேல் எழுதப்பட்டிருக்கும்.

கொழும்பை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதிற் காணலாம். வெள்ளவத்தைச் சைவ உணவகங்களின் தோசையும் வடையும், காலிமுகத்திடலின் இறால் வடையும், இரவு வேளையில் இரும்புத் தட்டின்மீது ஒலியெழுப்பும் கொத்துரொட்டியும் ஒரே மாலைப் பொழுதில் ஒருவனுக்குக் கிட்டுகின்றன. இனங்கள் அரசியலிற் கூட மறுத்த காலங்களிலும் உணவுத் தட்டிலே கூடியே வந்துள்ளன. மதிய உணவின் முடிவில் வரும் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் இதற்குத் தக்க சான்றாகும். தயிர் வறண்ட வலயத்து மாட்டுப்பட்டிகளின் பேறு. மட்டக்களப்புத் தயிர் அவற்றுள் பெயர்பெற்றது. பாணியோ ஈரவலயத்து மலைச்சாரற் சிங்களக் கிராமங்களிற் காய்ச்சப்படுவது. இவ்விரண்டும் ஒரு கிண்ணத்திற் சேரும்போது, அரசியல்வாதிகள் காணத் தவறிய ஒற்றுமையை நாக்கு கண்டுவிட்டதாக ஒரு மயக்கம் தோன்றும். அது மயக்கமே என்பதற்கு வரலாறு சாட்சி. 1983 யூலையில் அதே நகரத்திலே தமிழருடைய கடைகளும் உணவகங்களும் எரிக்கப்பட்டன. சுவையாற் பெற்ற நெருக்கம் மட்டும் அவற்றைக் காக்கவில்லை. ஒரே உணவை விரும்புவது வேறு; அவ்வுணவைத் தருபவனுக்கு நீதி வழங்குவது வேறு.

அத்தயிரின் பாதையிற் பின்னோக்கிச் செல்வோர் அடையக்கூடிய ஊர்களுள் ஒன்று சித்தாண்டி. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலைக்கு அயலிலே, வயல்கள் சூழ அமைந்தது அவ்வூர். அங்குள்ள சித்திரவேலாயுத சுவாமி கோயில் மட்டக்களப்புத் தேசத்தின் பழம்பெருங் கோயில்களுள் ஒன்று. அப்பிரதேச மக்களின் வாழ்வு நெல்லையும் மாட்டையும் இரு கால்களாகக் கொண்டு நிற்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. எனினும் ஒரே காலத்தில் ஒரே நிலத்தில் இருக்க இயலாதவை. பெரும்போகத்தில் வயல்களிற் பயிர் நிற்கும் மாதங்களிலே மாடுகள் அங்கிருந்து அகற்றப்படல் வேண்டும். அறுவடை முடிந்த பின்னரே அவை வைக்கோலும் தாள்களும் நிறைந்த வயல்களுக்குத் திரும்ப முடியும். இடைப்பட்ட காலத்திற்கென மேற்கே காடும் புல்வெளியும் கலந்த மயிலத்தமடு, மாதவணை ஆகிய மேய்ச்சற்றரைகளுக்குப் பண்ணையாளர் தம் பட்டிகளை ஓட்டிச் செல்வது நீண்டகால வழக்கம். எனவே மேய்ச்சற்றரை என்பது மாடு வளர்ப்போருக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. அஃது இல்லையெனின் மாடு வயலுக்குள் இறங்கும். நெல்லும் பாலும் ஒன்றுக்கொன்று பகையாகும்.

செங்கலடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏறாவூர்ப்பற்றுப் பிரதேசத்தில் அமைந்த அந்நிலம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல்லைக்குள் அடங்குவது. 2020 ஆம் ஆண்டு தொட்டு அங்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் குடியேறிச் சோளம் முதலியவற்றைப் பயிரிடுவதாகவும், தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் பொறிகளிற் சிக்கியும் இறப்பதாகவும் பண்ணையாளர் முறையிட்டு வந்தனர். நீதிமன்றங்களையும் அவர்கள் நாடினர். 2023 செப்டெம்பர் 15 ஆம் நாள் சித்தாண்டியிலே தொடர்ச்சியான அறப்போராட்டம் ஒன்றை அவர்கள் தொடங்கினர். அது ஓராண்டைக் கடந்தும் நீடித்தது. அக்காலத்திலும் கொழும்பின் உணவகங்களிலே தயிர் பரிமாறப்பட்டது. அதனைச் சுவைத்தோரும் அதன் கெட்டித் தன்மையைப் புகழ்ந்திருப்பர். தயிர்ச்சட்டியின் மண் நீரை உறிஞ்சுவதனால் அக்கெட்டித் தன்மை உண்டாகின்றது என்பதைச் சுவையறிந்தோர் பலர் அறிவர். அச்சட்டிக்குப் பால் வந்த புல்வெளியின் நிலைமையை அறிந்தோர் சிலரே.

உணவுச் சுவைக்கும் மேய்ச்சல் நிலத்திற்கும் போருக்கும் உள்ள இத்தொடர்பைத் தத்துவ உலகம் முற்றாக மறந்துவிடவில்லை. பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியிலே சோக்கிரட்டீஸ் ஓர் எளிய நகரத்தைச் சொற்களாற் கட்டியெழுப்புகின்றார். அந்நகரத்து மக்கள் வாற்கோதுமை அப்பமும் உப்பும் ஒலிவும் பாற்கட்டியும் வெங்காயமும் உண்டு, தழைப் படுக்கைகளில் அமர்ந்து, நோயின்றி வாழ்வர். இதைக் கேட்ட கிளவுக்கன், இது பன்றிகளின் நகரம் என எள்ளி, நாகரிகமான உணவு வகைகளைக் கோருகின்றான். சோக்கிரட்டீஸ் அதற்கு இணங்குகின்றார். ஆனால் அதன் விளைவையும் சொல்லிவிடுகின்றார். சுவைகள் பெருகிய நகரத்திற்கு முன்னைய நிலம் போதாது. மேய்ச்சலுக்கும் உழவுக்கும் அயலவர் நிலத்தில் ஒரு பங்கை வெட்டியெடுக்க நேரும். போரின் தோற்றுவாய் அதுவே. நகரத்தின் நாக்கு நீளும்போது கிராமத்தின் எல்லை சுருங்குகின்றது என்ற இவ்வுண்மை, அது சொல்லப்பட்டு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தன் பொருளை இழக்கவில்லை.

எனினும் சித்தாண்டியின் பிரச்சினையைத் தயிரை உண்ணும் நகரத்திற்கும் நிலத்தை இழக்கும் கிராமத்திற்கும் இடையிலான முரண்பாடு என்று மட்டும் கொள்வது பிழையாகும். மேய்ச்சற்றரையிலே பயிரிடப்படும் சோளம் எங்கே செல்கின்றது என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். இலங்கையில் விளையும் சோளத்தின் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாக, சிறப்பாகக் கோழித் தீவனமாகப் பயன்படுகின்றது. நகரத்து உணவகங்களிலே பொரித்தும் கொத்துரொட்டியிற் கலந்தும் பரிமாறப்படும் கோழியின் பின்னே ஒரு சோளக் காடு நிற்கின்றது. ஆகவே மயிலத்தமடுவில் எதிரெதிரே நிற்கும் பண்ணையாளனும் பயிரிடுவோனும் நகரவாசியின் ஒரே வேளை உணவில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். அவ்வேளையின் நடுவிலே சோளத்தின் கோழி; முடிவிலே புல்வெளியின் தயிர். இருவருக்கும் இடையே மூண்ட பூசலில் நகரவாசி பார்வையாளன் அல்லன். அவனும் ஒரு தரப்பு. பயிரிட வந்தோரிலும் நிலமற்ற வறிய விவசாயி இருத்தல் கூடும் என்பதும் மறுக்கற்பாலதன்று. ஆனால் ஒரு வறியவனுக்குரிய நிலத்தை மற்றொரு வறியவனுக்குக் காட்டிக் கொடுப்பது நிலப்பங்கீடு ஆகாது. அங்கு இனப் பெரும்பான்மையின் பலமும் சேரும்போது அது நீதியின் பெயரையே இழந்துவிடுகின்றது.

இந்நாட்டின் உணவு அரசியல் இதுவரை பெரும்பாலும் விலையின் அரசியலாகவே இருந்து வந்துள்ளது. 1942 இல் யுத்தகாலத்திலே தொடங்கிய அரிசிப் பங்கீடு, சுதந்திரத்தின் பின்னர் மக்களின் உரிமையாகவே கருதப்படலாயிற்று. 1953 இலே ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970 களின் நடுப்பகுதியிலே உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, குறித்த நாட்களில் உணவகங்களிற் சோறு பரிமாறுவது தடைசெய்யப்பட்டது. அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்ததும், 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியதும் அண்மைய நிகழ்ச்சிகள். விலை ஏறும்போது நகரம் விழித்துக்கொள்கின்றது, அரசுகளையும் ஆட்டிவைக்கின்றது. இவ்விழிப்பு நியாயமானதே. ஆனால் விலை இறங்கியதும் அது மீண்டும் உறங்கிவிடுகின்றது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் உணவு நீதியான உணவு என்ற எண்ணமே அவ்வுறக்கத்தின் தலையணை.

விலை கொடுக்க வல்லவனுக்கும் உணவு மறுக்கப்படலாம் என்பதைத் தமிழ்ச் சமூகம் தன் சொந்த வரலாற்றிலிருந்து அறியும். சாதியின் பேரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேற்றப்பட்டிருந்தும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இருக்கையும் பொதுக் குவளையும் மறுக்கப்பட்டு வந்தன. 1960 களின் பிற்பகுதியிலே நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் அந்நிலையை எதிர்த்தன. போராடியோர் கோரியது தேநீரை அன்று. அருந்தும்போது பிறரோடு சமமாக அமரும் நிலையை. அக்கடைகளில் வழக்கமாகத் தேநீர் பருகி அதன் சுவையைப் பாராட்டியவர்கள், அடுத்தவனுக்குக் குவளை மறுக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர்கள். கண்டும் அவர்களுக்குத் தேநீர் கசக்கவில்லை. இதிலிருந்து பெறப்படும் உண்மை கடுமையானது: அநீதி உணவின் சுவையை மாற்றுவதில்லை. நாக்கு இயல்பாகவே நீதியை அறியும் உறுப்பன்று. ஆதலால் நாக்குக்கு எட்டாததை அறிவு சென்று அறிதல் வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தின் இழப்பு எத்துணைப் பாரதூரமானது என்பதை அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூல் தெளிவுறுத்துகின்றது. உணவு இல்லாமையினால் மட்டும் மக்கள் பட்டினி கிடப்பதில்லை. உணவைப் பெறும் உரித்தை இழப்பதனாலும் பட்டினி கிடக்கின்றனர் என்பது அந்நூலின் மையக் கருத்து. 1943 இன் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அவர், எத்தியோப்பியாவின் அஃபார் இடையர்களைப் பற்றியும் எழுதினார். வறட்சிக் காலத்திற்குரிய அவர்களது மேய்ச்சல் நிலங்கள் அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே வணிகப் பயிர்ச்செய்கைக்கு மாற்றப்பட்டமை, வறட்சி வந்தபோது அவர்களின் அழிவைப் பெருக்கியது. ஆண்டு முழுவதும் பயன்படாத நிலம் போலத் தோன்றுவது, ஆண்டின் குறித்த சில மாதங்களுக்கு ஒரு சமூகத்தின் உயிர்நாடியாக இருக்கலாம். வரைபடத்தில் வெற்றிடமாகக் காணப்படும் நிலம் வாழ்க்கையில் வெற்றிடம் அன்று.

இங்கு மூன்று மறுப்புகள் எழுதல் கூடும். முதலாவது, உணவு தனிமனிதனின் இன்பம். அதற்குள் அரசியலைப் புகுத்துவது இன்பத்தைக் கெடுக்கும் என்பது. இன்பவாதத்தின் தந்தையெனப்படும் எபிக்கூரஸ் இதற்கு விடையளிக்கக் கூடியவர். தான் விரும்பும்போது விருந்துண்ணும் பொருட்டுச் சிறு சட்டி பாற்கட்டி அனுப்புமாறு நண்பர் ஒருவருக்கு அவர் எழுதியதாகப் பண்டைய வரலாற்று நூல் கூறும். மன அமைதியின்றி இன்பம் இல்லை என்பது அவரது கொள்கை. அறியாமையினாற் காக்கப்படும் அமைதி, அறிந்த கணத்திலே குலைந்துவிடும். அறிந்த பின்னரும் நிலைக்கும் இன்பமே இன்பமெனத் தகும்.

இரண்டாவது மறுப்பு, நீதியற்ற உணவைத் துறந்துவிடுவதே வழி என்பது. இது தூய்மை நாடுவோரின் வழி. ஆனால் நகரத்தார் தயிரை உண்ணாதுவிடின் முதலில் வாடுபவன் சித்தாண்டியின் பண்ணையாளனே. துறவு உண்பவனின் கையைக் கழுவுமேயன்றி உழைப்பவனின் நிலத்தை மீட்காது. மணிமேகலை காப்பியத்திலே அமுதசுரபியைப் பெற்றவள் பசித்தோருக்கு உணவளித்ததோடு நின்றுவிடவில்லை. மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள் என்பது மனங்கொள்ளத்தக்கது. சோறு தொடங்கிய பயணம் அரசின் வாயிலிலே சென்று முடிந்தது.

மூன்றாவது மறுப்பு, ஒருவன் அறிந்து ஆவதென்ன என்பது. தனியொருவனால் ஆவது சிறிதே. ஆயினும் 1953 இன் ஹர்த்தாலும் தேநீர்க்கடைப் போராட்டங்களும் தனியொருவருடைய செயல்கள் அல்ல. பலர் ஒன்றை ஒருங்கே அறிந்ததன் விளைவுகள். சித்தாண்டியின் வீதியோரத்தில் அமர்ந்திருந்தோரின் குரல் ஓராண்டு கடந்தும் நகரத்தை அசைக்காது போனமைக்கு ஒரு காரணம், அக்குரலுக்கும் தன் கிண்ணத்திற்கும் உள்ள தொடர்பை நகரம் அறியாதிருந்தமையே. இந்நாடு தன் பாற்தேவையிற் பாதிக்கும் குறைவானதையே உள்நாட்டிற் பெற்று, எஞ்சியதைப் பால்மாவாக வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கின்றது. 2021 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பால்மாவுக்காக நகரத்து மக்கள் வரிசையில் நின்றனர். கடைவாயிலில் நின்ற அவ்வரிசையும், மேய்ச்சற்றரைக்காகப் பின்னர் சித்தாண்டியில் அமர்ந்த அவ்வரிசையும் ஒரே வினாவின் இரு முனைகள் என்பதை உணர்வதற்குப் பெரும் பொருளியல் அறிவு வேண்டியதில்லை. பாலுக்கு வழியற்ற நாடு புல்லை இழப்பதற்கு இடங்கொடுக்கலாமா என்ற எளிய வினாவே போதுமானது.

உணவின் சுவைஞன் என்பான் வேறுபாடுகளை உணர்பவன். பழைய அரிசிக்கும் புதிய அரிசிக்கும், பசுந் தயிருக்கும் எருமைத் தயிருக்கும், வாவி இறாலுக்கும் கடல் இறாலுக்கும் உள்ள வேற்றுமையை அவன் பொருட்படுத்துகின்றான். யாவும் ஒன்றே என்று அவன் ஒருபோதும் சொல்வதில்லை. அரசியலும் இத்தகைய உணர்திறனையே வேண்டி நிற்கின்றது: உழைத்துப் பெற்ற நிலத்திற்கும் பறித்துப் பெற்ற நிலத்திற்கும், மலிவுக்கும் நீதிக்கும், அமைதிக்கும் அறியாமைக்கும் உள்ள வேற்றுமையைக் காணும் திறன் அது. சுவையறிவு உடையவன் அத்திறனிற் பாதியை ஏற்கெனவே பெற்றுள்ளான். தயிரின் கெட்டித் தன்மைக்குக் காரணம் தேடிய அறிவு, அதன் பாலுக்கும் புல்லுக்கும் புல்லின் உரிமைக்கும் காரணம் தேடுமாயின், அவனது சுவை குறைபடாது; முழுமை பெறும். எங்கிருந்து வந்தது, எவருடைய நிலத்தில் விளைந்தது, அவர் நாளையும் அங்கு நிற்க முடியுமா என்னும் வினாக்களைக் கேளாத நாக்கு, எத்துணை நுண்மையானதாயினும், தான் உண்பதை இன்னும் அறியவில்லை.